கணக்கு வேறு, காரியம் வேறு



பைத்தானில் ஃபங்ஷனல் புரோகிராமிங் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருபவை நான்கு பெயர்கள்: லாம்டா, மேப், ஃபில்டர், ரெட்யூஸ். நேர்முகத் தேர்வில் கேட்கப்படுவதும் இவைதான், பயிற்சி வகுப்பில் ஒரே மூச்சில் நடத்தி முடிக்கப்படுவதும் இவைதான். இந்த நான்கும் தெரிந்தால் ஃபங்ஷனல் நடை கைவந்துவிட்டது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தை அசைத்துப் பார்க்கத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசமே இந்த நான்கையும் எடுத்துவிடலாம் என்று 2005 மார்ச்சில் எழுதினார். லிஸ்ப் மொழியில் பழகிய ஒருவர், பைத்தானில் இவை இல்லையே என்று குறைப்பட்டு, தாமே எழுதி அனுப்பியதால் உள்ளே வந்தவை இவை என்றும் சொன்னார். 1994 ஜனவரியில் வெளிவந்த பைத்தான் 1.0இலேயே நான்கும் இருந்தன. ரெட்யூஸ்மீது அவருக்கு இருந்த மனக்குறை நியாயமானது. கூட்டல், பெருக்கல் போன்றவற்றைத் தாண்டி அதை யாராவது பயன்படுத்தியிருந்தால், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத் தாளும் பேனாவும் எடுக்க வேண்டியிருக்கிறது என்றார். 2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வந்தபோது லாம்டா தப்பியது. மேப்பும் ஃபில்டரும் முழு லிஸ்ட்டைத் தருவதை விட்டு, கேட்கும்போது ஒவ்வொன்றாகத் தரத் தொடங்கின. ரெட்யூஸ் மட்டும் ஃபங்க்டூல்ஸ் மாட்யூலுக்குள் ஒதுக்கப்பட்டது.

அப்படியானால் பைத்தானுக்கும் ஃபங்ஷனல் நடைக்கும் ஒத்துவராதா? ஒத்துவரும். அது வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. 2000 அக்டோபரில், பைத்தான் 2.0இல், ஹாஸ்கெல் மொழியைப் பார்த்து லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் வந்தது. 2001 இறுதியில் 2.2இல் ஜெனரேட்டர் வந்தது. 2003இல் வந்த இட்டர்டூல்ஸ் மாட்யூலின் ஆவணம், ஏபிஎல், ஹாஸ்கெல், எஸ்எம்எல் ஆகிய மொழிகளிலிருந்து கருத்துகளைப் பெற்றதாக வெளிப்படையாகவே சொல்கிறது. 2004இல் அடுக்கும் வேலைக்குக் கீ என்ற வசதி கிடைத்தது. இவற்றைத்தான் நாம் தினமும் எழுதுகிறோம், ஃபங்ஷனல் என்று பெயர் சொல்லாமலேயே.

இந்தச் சிந்தனையின் வேர் பைத்தானைவிட மிகப் பழையது. 1930களில் அலோன்சோ சர்ச் வகுத்த லாம்டா கால்குலஸ், 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் என்று அது நீண்டு வந்தது. அந்த வரிசையில் என் மனத்துக்கு நெருக்கமானவர் ஜான் பேக்கஸ். 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரானை உருவாக்கிய குழுவின் தலைவர். மாறியில் ஒரு மதிப்பைப் போடு, அடுத்த வரியில் அதையே மாற்று என்ற நடையை உலகத்துக்குப் பழக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவரே 1977இல் டூரிங் விருது ஏற்று ஆற்றிய உரையில், இந்த நடையின் பிடியிலிருந்து நாம் விடுபட முடியாதா என்று கேட்டார். நினைவகத்தில் ஒவ்வொரு மதிப்பாக எடுத்து மாற்றி வைப்பதிலேயே நம் சிந்தனை முடங்குகிறது, சிறிய ஃபங்ஷன்களை இணைத்துப் பெரியவற்றைக் கட்டும் வழி வேண்டும் என்பது அவருடைய வாதம். தாம் கட்டிய வீட்டின் அடித்தளத்தையே மறுபரிசீலனை செய்ய அவர் தயங்கவில்லை.

பைத்தான் எழுதுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கணக்கு வேறு, காரியம் வேறு. உள்ளே கொடுத்ததை மட்டும் வைத்து விடை தருவது கணக்கு. ஃபைலில் எழுதுவது, திரையில் காட்டுவது, நெட்வொர்க்கில் கேட்பது, கடிகாரத்தைப் பார்ப்பது, வேறு யாரோ வைத்திருக்கும் லிஸ்ட்டை மாற்றுவது, இவையெல்லாம் காரியம். இரண்டும் இல்லாமல் எந்த நிரலும் இல்லை. ஆனால் ஒரே ஃபங்ஷனுக்குள் இரண்டையும் கலக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

இங்கே இருக்கும் மாணவர்கள் இதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் முதல் பாடம் ஃபங்ஷன்களைப் பற்றியது. தூய ஃபங்ஷன், தூய்மையற்ற ஃபங்ஷன் என்ற பிரிவு அதிலேயே இருக்கிறது. சைன் பூஜ்ஜியம் எத்தனை முறை கேட்டாலும் பூஜ்ஜியம்தான், ரேண்டமைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு எண். தேர்வுக்காகப் படித்துவிட்டு அங்கேயே விட்டுவிடுகிறோம். வேலைக்குப் போன பிறகு மிகுதியாகத் தேவைப்படப்போவது அந்தப் பாடம்தான்.

இனி ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். தமிழ்ச் சொற்களை அகராதி வரிசையில் அடுக்க வேண்டும். ஆறு சொற்கள் போதும்: பனை, பழம், பயிர், பவளம், பறவை, பலகை. பைத்தானின் சார்ட்டட் ஃபங்ஷனிடம் அப்படியே கொடுத்தால் பனை, பயிர், பறவை, பலகை, பழம், பவளம் என்று வரும். எந்தத் தமிழ் அகராதியும் இப்படி அடுக்காது. நமக்கு வேண்டிய வரிசை பயிர், பலகை, பவளம், பழம், பறவை, பனை. யூனிகோடில் எழுத்துகளுக்குத் தரப்பட்டிருக்கும் எண்கள்தான் இதற்குக் காரணம். அங்கே ந-வுக்கு அடுத்த எண்ணிலேயே ன இருக்கிறது. ர-வை அடுத்து ற, பிறகு ல, ள, ழ, அதற்கும் பின்னால்தான் வ. நம் நெடுங்கணக்கோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று போகிறது. புள்ளியிலும் சிக்கல் உண்டு. அகராதியில் ‘பக்கம்’ முன்னால், ‘பகல்’ பின்னால். பைத்தான் இதைத் தலைகீழாக வைக்கும், ஏனென்றால் யூனிகோடில் புள்ளியின் எண் எல்லா மெய்களின் எண்ணையும்விடப் பெரியது.

பழக்க தோஷத்தில் நாம் என்ன செய்வோம்? அடுக்கும் வேலையையே கையில் எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஃபார் லூப், இடம் மாற்ற ஒரு தற்காலிக மாறி, எழுத்துகளை ஒப்பிட நீண்ட இஃப் வரிசை. இரண்டு நாள் கழித்துப் படித்தால் எழுதியவருக்கே புரியாது. ஃபங்ஷனல் நடையில் யோசிப்பவர் அடுக்கும் வேலையைத் தொடவே மாட்டார். அதைப் பைத்தானே நன்றாகச் செய்கிறது. அவர் ஒரு சிறிய கேள்விக்கு மட்டும் விடை தேடுவார்: ஒரு சொல்லை எந்த எண்களாக மாற்றினால் அந்த எண்களின் வரிசையே அகராதி வரிசையாக அமையும்?

முதலில் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்கோ அது த, மி, ழ் என்று மூன்றெழுத்து. ஒட்டிக்கொள்ளும் குறிகளை முன்னால் இருக்கும் மெய்யோடு சேர்த்து எழுத்து எழுத்தாகத் தரும் ஃபங்ஷன் சில வரிகளில் முடிந்துவிடும். அடுத்து, ஓர் எழுத்தை இரண்டு எண்கள் கொண்ட டியூப்பிளாக மாற்றும் இன்னொரு ஃபங்ஷன். முதல் எண் மெய்யின் இடம்: க 1, ங 2 என்று தொடங்கி ன 18 வரை. இரண்டாவது எண் ஏறியிருக்கும் உயிரின் இடம்: புள்ளி வைத்திருந்தால் 0, அகரம் 1, ஆகாரம் 2, ஔகாரம் 12. தனி உயிரெழுத்துக்கு மெய் இல்லை, ஆகவே முதல் எண் 0. ஆய்தம் 0, 13. கிரந்த எழுத்துகளை 19இலிருந்து தொடரலாம்.

இப்போது ‘பகல்’ என்பது (9, 1), (1, 1), (13, 0) ஆகிறது. ‘பக்கம்’ என்பது (9, 1), (1, 0), (1, 1), (10, 0). பைத்தான் இவற்றை இடமிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, முதலில் வேறுபடும் இடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடும். இரண்டாவது ஜோடியிலேயே ‘பக்கம்’ சிறியது, எனவே அது முன்னால் வந்துவிடுகிறது. ஒப்பீட்டுக்கென்று ஓர் இஃப்கூட நாம் எழுதவில்லை.

இந்த ஃபங்ஷனின் பெயரை மட்டும் சார்ட்டட்டின் கீ என்ற இடத்தில் கொடுக்கிறோம். அடைப்புக்குறி போட்டு நாம் கூப்பிடுவதில்லை, கூப்பிடும் பொறுப்பு சார்ட்டட்டுடையது. எண்ணையோ சொல்லையோ கொடுப்பதுபோல ஒரு ஃபங்ஷனையே கையில் எடுத்துக் கொடுக்கிறோம். அடுக்கத் தெரிந்தவனுக்குத் தமிழ் தெரியாது, தமிழ் தெரிந்தவனுக்கு அடுக்கத் தெரியாது. இருவரும் அந்த ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். நாளைக்குச் சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து அடுக்க வேண்டுமென்றால், இயைபு தேடும் கவிஞர்கள் கேட்கக்கூடும், வேறொரு கீ எழுதினால் போதும்.

செலவையும் பாருங்கள். கீ வருவதற்கு முன் இரண்டு சொற்களை வாங்கி எது சிறியது என்று சொல்லும் ஒப்பீட்டு ஃபங்ஷனைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு லட்சம் சொற்கள் கலைந்து கிடந்தால் சுமார் 15 லட்சம் ஒப்பீடுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு சொற்களையும் பிரித்தாக வேண்டும். கீ என்பது ஒரு சொல்லுக்கு ஒரே முறைதான் கூப்பிடப்படுகிறது.

எழுத்தை டியூப்பிளாக்கும் ஃபங்ஷனுக்குத் திரும்பத் திரும்ப வருபவை அதே 247 எழுத்துகளும் சில கிரந்தங்களும்தான். அதன் தலைக்குமேல் ஃபங்க்டூல்ஸிலிருந்து கேஷ் என்ற டெக்கரேட்டரை வைத்தால், ஒருமுறை போட்ட கணக்கை அது நினைவில் வைத்துக்கொள்ளும். 2011இல் எல்ஆர்யூ கேஷ் என்று வந்த வசதியின் எளிய வடிவம் இது, 3.9இல் சேர்ந்தது. ஒரு வரி சேர்க்கிறோம், மற்ற எதையும் தொடவில்லை. எப்படி முடிகிறது? அது வெறும் கணக்கு என்பதால். இன்றைய தேதியைப் பார்த்து விடை சொல்லும் ஃபங்ஷனுக்கு இதே கேஷைப் போட்டுப் பாருங்கள், சர்வரை நிறுத்தித் தொடங்கும் வரை நேற்றைய விடையே வந்துகொண்டிருக்கும். அதேபோல, சொற்கள் பல லட்சமானால் வேலையைப் பல பிராசஸ்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். யார் எதை எந்த வரிசையில் முடித்தாலும் விடை மாறாது. இங்கே ஒரு நடைமுறை எச்சரிக்கை: மல்டிபிராசஸிங் வழியாக அனுப்பும்போது லாம்டா செல்லாது, பெயருள்ள ஃபங்ஷன்தான் வேண்டும். பொதுவாகவே, பெயர் வைக்கத் தகுந்த கணக்குக்குப் பெயர் வைத்துவிடுங்கள் என்பேன். லாம்டா ஒரு சிறு வேலைக்குப் போதும், அதற்குமேல் வேண்டாம்.

தேதியைப் பற்றிச் சொன்னேன். தவணை தவறினால் அபராதம் கணக்கிடும் ஒரு ஃபங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே இன்றைய தேதியைக் கேட்டு, டேட்டாபேஸில் வட்டி விகிதத்தைத் தேடி, கணக்கிட்டு, வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ்ஸும் அனுப்பிவிடுகிறோம். பிப்ரவரி 29 அன்று சரியாக வருமா என்று எப்படிச் சோதிப்பீர்கள்? கடிகாரத்தை ஏமாற்ற வேண்டும், போலி டேட்டாபேஸ் கட்ட வேண்டும், எஸ்எம்எஸ் போய்விடாமல் தடுக்க வேண்டும். கடைசித் தேதி, இன்றைய தேதி, பாக்கித் தொகை, விகிதம் நான்கையும் வெளியிலிருந்து வாங்கி அபராதத்தை மட்டும் திருப்பித் தரும்படி மாற்றி எழுதுங்கள். சோதனை ஒரே வரியில் முடிந்துவிடும். தேதி கேட்பது, டேட்டாபேஸ், எஸ்எம்எஸ் எல்லாம் விளிம்பில் ஒரு மெல்லிய அடுக்காக இருக்கட்டும். கேரி பெர்ன்ஹார்ட் 2012இல் இந்த அமைப்பைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்: உள்ளே ஃபங்ஷனல் கரு, வெளியே காரியம் செய்யும் ஓடு. பைத்தானுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை நான் பார்த்ததில்லை.

கருவுக்குள் எதையும் திருத்தி எழுதாமல் இருப்பது அடுத்த ஒழுக்கம். லிஸ்ட்டின் சார்ட் இருக்கிற லிஸ்ட்டையே கலைத்து அடுக்கிவிட்டு, திருப்பித் தருவது நன் என்ற வெறுமையை. சார்ட்டட் மூலத்தைத் தொடாமல் புதியதைத் தருகிறது. ஃபங்ஷனுக்குள் வந்த லிஸ்ட்டை அப்பெண்ட் செய்தால், கொடுத்தவருடைய லிஸ்ட்டும் சேர்ந்து மாறுகிறது. அதேபோல, ஆர்கியுமென்ட்டின் இயல்பு மதிப்பாகக் காலி லிஸ்ட்டை எழுதி வைத்தால், அது டெஃப் ஓடும்போது ஒரே முறைதான் உருவாகிறது. முதல் அழைப்பில் சேர்த்தது இரண்டாம் அழைப்பிலும் உட்கார்ந்திருக்கும். டியூப்பிள்களைப் பயன்படுத்துங்கள், 2018இல் 3.7உடன் வந்த டேட்டாகிளாஸையும் ஃப்ரோஸன் என்று குறித்துப் பயன்படுத்துங்கள். ஆனால் உறைவது மேல்தட்டு மட்டும்தான். உள்ளே ஒரு லிஸ்ட் இருந்தால் அதை யாராலும் மாற்றிவிட முடியும்.

ஜெனரேட்டருக்கு வருவோம், ஏனென்றால் பைத்தானின் ஃபங்ஷனல் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பெரிய உரைக்கோப்பு ஒன்றிலிருந்து சொற்களை எடுத்து எண்ண வேண்டும். வரிகளைத் தருவது ஒரு ஜெனரேட்டர், வரியைச் சொற்களாக உடைப்பது இன்னொன்று, எண்களையும் குறியீடுகளையும் வடிகட்டுவது மூன்றாவது, கடைசியில் கவுன்ட்டர். நான்கையும் கோத்துவிட்டால், கவுன்ட்டர் கேட்டால்தான் வடிகட்டி ஒரு சொல்லைக் கேட்கும், அது கேட்டால்தான் ஃபைலிலிருந்து அடுத்த வரி வரும். மொத்த மாவையும் தோசையாக வார்த்து அடுக்கி வைக்காமல், பந்தியில் கேட்கக் கேட்க வார்ப்பது போன்ற வேலை. ஃபைல் எத்தனை ஜிபி இருந்தாலும் ஒரு நேரத்தில் நினைவகத்தில் இருப்பது ஒரு வரியும், சேர்ந்துகொண்டே வரும் எண்ணிக்கையும்தான். ஒவ்வொரு கண்ணியையும் தனியே எடுத்து, மூன்று வரி கொடுத்துச் சோதிக்கவும் முடியும்.

இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஜெனரேட்டரை ஒருமுறைதான் முழுதாக ஓட்ட முடியும். இரண்டாவது முறை ஓட்டினால் பிழை எதுவும் காட்டாது, காலியாகத்தான் வரும். எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று அறிக்கை போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அடுத்தது இட்டர்டூல்ஸின் குரூப்பை. அடுத்தடுத்து வருபவற்றை மட்டுமே அது ஒரு குழுவாக்கும். அகராதியில் முதலெழுத்துத் தலைப்புகள் போட அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், முதலில் அடுக்கிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் ‘த’ என்ற தலைப்பு பத்து இடங்களில் முளைக்கும்.

பைத்தான் எங்கே மறுக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். லூப்பை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் ரிகர்ஷனாக எழுதும் ஹாஸ்கெல் பழக்கம் இங்கே எடுபடாது. ரிகர்ஷனின் இயல்பு வரம்பு 1000. கடைசி அழைப்பைச் சுருக்கி இந்த வரம்பைத் தவிர்க்கும் உத்தியைச் சேர்க்கும்படி பலர் கேட்டபோது, கைடோ 2009இல் மறுத்து எழுதினார். பிழை வந்தால் எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்று டிரேஸ்பேக் முழுதாகக் காட்ட வேண்டும் என்பது அவருடைய முக்கியமான காரணங்களில் ஒன்று. நான் அவர் பக்கம். நள்ளிரவில் சர்வர் விழும்போது கையில் இருப்பது அந்த டிரேஸ்பேக் மட்டும்தான். லிஸ்ட்களை ரெட்யூஸால் ஒன்றோடு ஒன்று கூட்டிக்கொண்டே போவதும் வேண்டாம். ஒவ்வொரு கூட்டலும் அதுவரை சேர்ந்த அனைத்தையும் மறுபடி நகலெடுக்கும். அங்கே ஒரு சாதாரண ஃபார் லூப்பும் அப்பெண்ட்டும் போதும். ஃபங்ஷனுக்குள்ளேயே பிறந்து அங்கேயே நிரம்பித் திரும்பும் லிஸ்ட்டை வெளியே யாரும் பார்க்கவில்லையே. வெளியிலிருந்து பார்க்க அது கணக்காகவே இருக்கிறது. ஃபார் லூப் எழுதியதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம்.

சோதனையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 2000ஆம் ஆண்டில் கோன் கிளாசனும் ஜான் ஹியூஸும் ஹாஸ்கெலுக்காக க்விக்செக் என்ற கருவியை வெளியிட்டார்கள். இன்ன உள்ளீட்டுக்கு இன்ன விடை என்று ஒவ்வொன்றாக எழுதாமல், எப்போதும் உண்மையாக இருக்க வேண்டியதை மட்டும் சொல்லுங்கள், உள்ளீடுகளை நான் உருவாக்கித் தாக்கிப் பார்க்கிறேன் என்பது அதன் வழி. பைத்தானில் இதைச் செய்வது ஹைப்பாத்தெசிஸ் என்ற நூலகம். பிழை கண்டால், அதைக் காட்டக்கூடிய மிகச் சிறிய உதாரணமாக அதைச் சுருக்கியும் தரும்.

நம் அகராதி நிரலுக்கு இரண்டு விதிகள் எழுதலாம். எழுத்துகளாகப் பிரித்துச் சேர்த்தால் பழைய சொல்லே திரும்ப வர வேண்டும். சொற்களை எப்படிக் கலைத்துக் கொடுத்தாலும் அடுக்கிய வரிசை ஒன்றாகவே இருக்க வேண்டும். தமிழ் எழுத்துகளையும் குறிகளையும் கொடுத்து இதை ஓடவிட்டால், முன்னால் மெய்யே இல்லாத ஒற்றைக் கால் குறியை அது கொண்டுவந்து நிறுத்தும். அதைத் தனி எழுத்தாகத் தருவதா, மறுப்பதா என்று நாம் முடிவு செய்தாக வேண்டும்.

இரண்டாவது விதி இன்னும் நுட்பமான ஒன்றைப் பிடிக்கும். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரத்துக்கென்று உள்ள ஒற்றைக் குறியால், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைத்தானுக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவமாக்கும் நார்மலைஸ் ஃபங்ஷனை நாம் கீ-க்குள் வைத்திருந்தால், இரண்டு ‘கொடி’களுக்கும் ஒரே கீ கிடைக்கும். கீ சமமானால் வந்த வரிசையை மாற்றாமல் விடுவது பைத்தானின் வழக்கம். எனவே கலைக்கும்போது அந்த இரண்டின் முன்பின் மாறினால், அடுக்கிய பிறகும் அவை இடம் மாறியே நிற்கும், விதி உடையும். நார்மலைஸ் செய்ய வேண்டிய இடம் கீ அல்ல, ஃபைலிலிருந்து சொல் உள்ளே நுழையும் முதல் கண்ணி. அங்கே நகர்த்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள், விதி நிற்கும்.